'டீஹியூமனைசர்' எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இணைப்பிதழில் இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் இசைக்குழு பிளாக் சபாத் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். குழுவின் முதல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலையில் இறந்ததிலிருந்து எல்லோரும் அவரைப் பற்றியே எழுதுகிறார்கள், எழுதட்டும், அதில் வருத்தமில்லை. ஆனால் எழுபதுகளோடு அந்தக் குழுவின் கதையையே முடித்துவிட்டீர்களே, 1992-இல் வந்த 'டீஹியூமனைசர்' ஆல்பம் பேருக்குக்கூட இல்லையே?

பெங்களூரில் படித்த நண்பன் பதிவு செய்து தந்த கேசட்டில்தான் அதை முதலில் கேட்டேன். அப்போது எங்கள் ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. பாடுவது ரோனி ஜேம்ஸ் டியோ, கிட்டத்தட்ட பத்து வருஷம் கழித்துக் குழுவுக்குத் திரும்பியிருந்தார். குரல் இருக்கட்டும், என்னைப் பிடித்து உட்கார வைத்தது கிட்டார் வாசிக்கிற டோனி அயோமியின் ரிஃப். ரிஃப் தெரியாதவர்களுக்கு: மாரியம்மன் பண்டிகையில் பம்பைக்காரர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து ஆளை எழுப்பி ஆட வைப்பாரே, அந்த வேலையை இங்கே கிட்டார் செய்கிறது.

நான் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவன், அதனால் அயோமி மேல் தனிப் பாசம். 17 வயதில் பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலையில், அதுவும் வேலையை விடுகிற கடைசி நாளில், மெஷினில் மாட்டி வலது கை நடுவிரலும் மோதிர விரலும் நுனி போய்விட்டன. இடது கைக்காரர், ஆகவே கம்பியை அழுத்துகிற கையே அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பி போட்டார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார். சுருதி இறங்கினால் சத்தம் கனமாகும், அந்த கனம் இந்த ஆல்பத்தில் இருக்கிற மாதிரி வேறெங்கும் இல்லை என்பேன். 'ஆஃப்டர் ஆல்' பாட்டின் ரிஃப் பாரம் ஏற்றிய லாரி தொப்பூர் கணவாயில் ஏறுவது போல மெதுவாக, விடாமல் வரும். எட்டு மணி நேரம் மெஷின் சத்தம் கேட்டது போதாதா என்று வீட்டில் திட்டுகிறார்கள், அது வேறு கதை.

எல்லாப் பாட்டும் தங்கம் என்று சொல்ல மாட்டேன், நடுவில் ஒன்றிரண்டு இழுவை. ஆனாலும் ஆல்பம் அமுங்கிப்போனதற்குக் காரணம் அதுவல்ல. நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் அலை அடித்த நேரம், மெட்டல் என்றாலே பழசு என்றார்கள். அப்புறம் அதே வருஷம் நவம்பரில், கலிஃபோர்னியாவில், எப்போதோ குழுவை விட்டுப் போயிருந்த ஆஸியின் தனிக் கச்சேரிக்கு முன்னால் வாசிக்கச் சொன்னபோது டியோ முடியாது என்று விலகிவிட, ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவில் பாடிய ராப் ஹால்ஃபோர்டு வந்து இரண்டு நாள் பாடிக்கொடுத்தார். பாடினவரே போய் அந்தக் கூட்டணி கலைந்தால் ஆல்பத்தை யார் தூக்கிப் பிடிப்பது?

அடுத்த முறை எழுதுகிறவர் முதலில் இந்த ஆல்பத்தின் 'ஐ' என்ற பாட்டைக் கேட்கட்டும் சார். செல்போன் ஸ்பீக்கரில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஓசூர்