நல்லூர்த் தேரும் ஒரு வினையடையும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், உன் நலமும் மருமகன், பேரப்பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல்.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவைப் பற்றிச் சிறப்பு மலருக்காக நீ எழுதிய கட்டுரையைப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. ஆனால் ‘நல்லூர்த் தேர்த்திருவிழா படாடோபமாக நடைபெற்றது’ என்ற வரியை மட்டும் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடாதே. ‘மிகப் பெரிய அளவில்’ என்ற பொருளில் எழுதியிருக்கிறாய் என்று விளங்குகிறது. படிப்பவருக்கோ அது ஏளனமாகத் தொனிக்கும்.

வடமொழியில் ‘படாடோபம்’ என்ற சொல் பாம்பு படம் விரித்துப் புடைத்து நிற்பதைக் குறித்தது. நஞ்சில்லாத பாம்பும் படத்தைப் பெரிதாக விரித்துக்காட்ட வேண்டும், நஞ்சு இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, விரிந்த படமே அச்சமூட்டப் போதும் என்று பழைய சுலோகம் ஒன்றும் உண்டு. தமிழில் பாம்பு மறைந்துவிட்டது, ஆனால் உள்ளதைவிடக் கூட்டிக்காட்டும் வீக்கம் மட்டும் சொல்லோடு தங்கிவிட்டது. ஆகையால் ஒன்றைப் படாடோபமாகச் செய்வதற்குப் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். ‘ஆடம்பரமாக’ என்பதற்கு அது கட்டாயமில்லை. கதவைச் சாத்திக்கொண்டும் ஒருவர் ஆடம்பரமாக வாழலாம். பிள்ளையை உலங்கு வானூர்தியில் கொண்டுவந்து இறக்கிய சாமத்தியவீடுகளை, அதாவது பூப்புனித நீராட்டு விழாக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். அவற்றைப் படாடோபமாக நடத்தினார்கள் என்று தாராளமாக எழுதலாம், நடத்தியவர்கள் மட்டும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அது எப்போதும் வெளியே நின்று பார்ப்பவரின் தீர்ப்பு.

புகழ வேண்டுமானால் எதிர்மறையில்தான் அது வரும். முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களில் ‘படாடோபமின்றி வாழ்ந்தவர்’ என்ற தொடரை நீயே கண்டிருப்பாய். (சில மலர்களில் அந்தத் தொடர் பளபளக்கும் வண்ணத்தாளில் அச்சாகியிருக்கும்!) நம்மூர்ப் பேச்சில் இதற்குக் கிட்ட நிற்பது ‘எடுப்பு’. ‘அவவுக்குச் சரியான எடுப்பு’ என்றால் குறை. ‘சீலை எடுப்பாக இருக்கிறது’ என்றாலோ பாராட்டு. ‘படாடோபமாக’ அப்படி இருபக்கமும் திரும்பாது.

இருபத்தைந்து நாள் கொடியேற்றத் திருவிழா பெரியதுதான். ஆனால் அருச்சனைச் சீட்டை ஒரு ரூபாய்க்குக் கொடுக்கிற கோயில் அது; உள்ளே போகும் ஆண்கள் எவராயினும் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும்; தேரன்று வீதி மணலில் பிரதட்டை செய்பவர்களும் யாருக்கும் காட்டுவதற்காக உருளவில்லை. அங்கே ‘விமரிசையாக’ என்று போடு. சனக்கூட்டத்தின் ஆரவாரத்தைச் சொல்ல விரும்பினால் ‘கோலாகலமாக’ என்றும் எழுதலாம். எனக்கு முன்னதுதான் பிடிக்கும்.

திருத்திய படியை அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்பிவை. மூன்றாம் பந்தியில் சந்திப்பிழைகளும் இருக்கின்றன. அவற்றைத் தொலைபேசியில் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா