எஃப்2 ஐம்பதைத் தாண்டினால் போதுமா? மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் அவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் மருந்தாக்கவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் எழுதும் மடல் இது.

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் வலிப்புக்கும் சர்க்கரைக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்க முடிகிறது என்றால், அது, முதலில் வந்த மூல மருந்தின் அதே வேதிப்பொருளைப் பிற நிறுவனங்கள் மலிவாகச் செய்து விற்கும் ஜெனரிக் மருந்துகளின் விலையால்தான். ஆகவே இம்மடல் அவற்றுக்கு எதிரானதன்று. என் கோரிக்கை ஒன்றுதான்: ஜெனரிக் மாத்திரை மூல மருந்தைப் போலவே கரைகிறது என்பதற்குச் சான்றாக நிறுவனங்கள் தரும் எஃப்2 என்ற ஒற்றை எண்ணோடு நின்றுவிடாமல், அந்த எண் எவ்வளவு உறுதியானது என்பதையும் கேட்டு வாங்கி, பொதுவில் வெளியிடுங்கள்.

மருந்துகளின் தர அளவைகளைத் தொகுத்த மருந்து நூல் விதிக்கும் வழக்கமான கரைவுச் சோதனை, குறித்த நிமிடத்தில் குறித்த விழுக்காடு கரைந்ததா என்று மட்டும் பார்க்கிறது. திருநெல்வேலியில் ஒன்றாகப் புறப்பட்ட இரண்டு பேருந்துகள் தென்காசிக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன என்பதை வைத்து, இரண்டும் ஆலங்குளத்தை ஒரே நேரத்தில் கடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் 1.2, 4.5, 6.8 ஆகிய மூன்று நீர்ம ஊடகங்களில், இரு மருந்திலும் பன்னிரண்டு மாத்திரைகளை எடுத்துப் பல நிமிடங்களில் அளந்து, நேரத்தோடு கரைவு ஏறுவதைக் காட்டும் முழு வரைகோட்டையும் ஒப்பிடுகிறோம். இரண்டும் 15 நிமிடத்துக்குள் 85 விழுக்காடு கரைந்துவிட்டால் கணக்கே வேண்டியதில்லை. கரையவில்லையென்றால், 1996இல் மூரும் ஃபிளானரும் முன்வைத்த எஃப்2 என்ற ஒப்புமைக் காரணியைக் கணக்கிடுகிறோம். அது 50க்குக் குறையாவிட்டால் வரைகோடுகள் ஒத்தவை என்று கொள்கிறார்கள். எல்லா நேரப் புள்ளிகளிலும் சராசரி வேறுபாடு 10 விழுக்காடாக இருக்கும்போது வரும் மதிப்பு ஏறத்தாழ அந்த 50தான்.

இந்தக் காரணி எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதைக் காட்ட ஒரு கற்பனைக் கணக்கு. 10, 15, 20, 30 நிமிடங்களில் மூல மருந்து 40, 55, 68, 82 விழுக்காடும், ஜெனரிக் 26, 43, 58, 77 விழுக்காடும் கரைகின்றன. இந்த நான்கு புள்ளிகளை மட்டும் எடுத்தால் எஃப்2 48.3, மருந்து தோற்கிறது. 45ஆம் நிமிடத்தில் 93, 90 என்ற ஐந்தாவது புள்ளியைச் சேர்த்தால் 50.5, தேறிவிடுகிறது. 60ஆம் நிமிடத்தில் 98, 97 என்பதையும் சேர்த்தால் 52.4 ஆகும், ஆனால் 85 விழுக்காட்டைத் தாண்டிய பிறகு ஒரு புள்ளிக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற விதி அதைத் தடுக்கிறது. விதிக்கு உட்பட்ட ஒரே ஒரு புள்ளி, தோல்வியைத் தேர்ச்சியாக மாற்றிவிட்டது. மாத்திரையில் எதுவும் மாறவில்லை.

இதைவிடப் பெரிய குறை, எஃப்2 சராசரிகளை மட்டுமே பார்ப்பது. ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு அதில் தெரியாது. இதற்குப் பரிகாரம் புதிதன்று: இரு பக்கத்துப் பன்னிரண்டு மாத்திரைகளின் அளவீடுகளிலிருந்தும் திரும்பத் திரும்பக் குலுக்கலில் எடுத்து, ஆயிரக்கணக்கான முறை எஃப்2 கணக்கிட்டு, அம்மதிப்புகளின் 5ஆம் சதமானம் (நூற்றில் ஐந்து மதிப்புகள் மட்டுமே அதற்குக் கீழே இருக்கும் எல்லை) 50க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் பூட்ஸ்ட்ராப் முறை. மேற்சொன்ன 50.5, மாத்திரைக்கு மாத்திரை வழக்கமாகக் காணப்படும் வேறுபாட்டுக்கே இந்தச் சோதனையில் விழுந்துவிடும். நம் நாட்டுப் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் 1936இல் தந்த, இரு தரவுத் தொகுதிகள் எவ்வளவு விலகியுள்ளன என்று காட்டும் தொலைவளவையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அவர் பெயரால் எனக்குப் பெருமை உண்டு. ஆயினும் அத்தொலைவு, மாத்திரைக்கு மாத்திரை சிதறல் மிகும்போது தானே சுருங்கி, வேறுபாடு குறைந்ததுபோல் காட்டுவதால், நான் பூட்ஸ்ட்ராப் பக்கமே நிற்பேன். மாத்திரைக்கு மாத்திரை சிதறல் வரம்பு மீறினால் மட்டும் பூட்ஸ்ட்ராப்பைக் கேட்பதே இன்றைய வழக்கம். எல்லா விண்ணப்பங்களுக்கும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கரைவு என்பது ஆய்வகத்துக்குள் அடங்கும் சிறு செய்தியன்று. 1968இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், ஃபெனிட்டோயின் என்ற வலிப்பு மருந்தின் குளிகையில் மருந்தின் அளவை மாற்றாமல், நிரப்புபொருளான கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்த்ததால், வலிப்பு நோயாளிகளின் இரத்தத்தில் மருந்து ஏறி நச்சுக்குறிகள் தோன்றின. நம் நாட்டு மருந்து விதிகளின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், கரைதிறனையும் உடலில் ஊடுருவும் திறனையும் வைத்துப் பிரித்த நான்கு வகைகளில் எளிதில் கரையாத இரண்டாம், நான்காம் வகை மருந்துகளுக்கு, இரு மருந்தும் இரத்தத்தில் ஒரே அளவில் சேர்கின்றனவா என்று மனிதரில் பார்க்கும் உயிர்ச்சமன்மை ஆய்வைக் கட்டாயமாக்கியது. அது நல்ல மாற்றம். ஆனால் மற்ற வகைகளுக்கும், உரிமம் பெற்ற பிறகு நிரப்புபொருளையோ தயாரிப்பு இடத்தையோ மாற்றும்போதும், பெரும்பாலும் ஆய்வகக் குடுவையின் சாட்சியையே நம்ப வேண்டியிருக்கிறது.

எனவே ஃபெனிட்டோயின், கார்பமசிபைன், லெவோதைராக்சின் போன்று, அளவு சற்றுப் பிசகினாலும் தீங்கு தரும் மருந்துகளிலிருந்து தொடங்கலாம். உரிம விண்ணப்பத்தோடும் கொள்முதல் ஒப்பந்தப்புள்ளியோடும் சராசரிகளை மட்டுமன்றி, ஒவ்வொரு மாத்திரையின் ஒவ்வொரு நிமிட அளவீட்டையும், இரு மருந்துகளின் தொகுதி எண்களையும் கேட்டுப் பெறுங்கள். நேரப் புள்ளிகளைச் சோதனைக்கு முன்பே எழுதித் தரச் சொல்லுங்கள். முடிவைப் பார்த்த பிறகு புள்ளி தேடும் வழி அதனால் அடைபடும். நிறுவனங்கள் வணிக மறைபொருள் என்று மறுக்கக்கூடும். ஆனால் மாத்திரை எப்படிச் செய்யப்படுகிறது என்பதுதான் மறைபொருளே தவிர, அது எவ்வளவு வேகத்தில் கரைகிறது என்பது எவரும் கடையில் வாங்கி அளந்துவிடக் கூடியதே.

கணக்கிடுவதற்குத் தனிச் செலவு ஆகாது; ஆர் என்ற இலவச மென்பொருளே போதும். அளவீடுகளை அட்டவணைக் கோப்பாக வெளியிட்டால், எங்கள் மாணவர்களைக் கொண்டு அவற்றைச் சரிபார்த்து, முடிவுகளைத் தங்கள் இரு அலுவலகங்களுக்கும் எழுத்தில் அனுப்பித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மருந்தாக்கவியல் ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.