உன் கடிதங்களும் சேர்ந்துதான் வரணும்

அன்புத் தம்பிக்கு,

நாம எழுதிக்கிட்ட கடிதங்களைப் புஸ்தகமா போடலாமான்னு பதிப்பாளர் கேட்டதுக்கு நீ போன்ல சொன்ன பதில் எனக்குப் பிடிக்கல. "உங்களோடது மட்டும் வரட்டும்க்கா, நான் எழுதினதுல என்ன இருக்கு"ன்னு சொல்லிட்டு வச்சிட்ட. திரும்பக் கூப்பிட்டா மழுப்பிடுவ, அதான் எல்லாரும் படிக்கட்டும்னு இங்கேயே எழுதுறேன்.

தமிழ்ல கடிதத் தொகுப்புன்னாலே பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கிடைக்குது. எழுத்தாளர் கு. அழகிரிசாமி கி.ரா.வுக்கு, அதான் கி. ராஜநாராயணனுக்கு எழுதினதை எடுத்துக்கோ, ரெண்டு பேரும் இடைசெவல் கிராமத்துக்காரங்க, சின்ன வயசு சிநேகிதம், சங்கீதப் பைத்தியம் வேற, ஆனா அதைப் படிக்கிறப்போ கி.ரா. என்ன கேட்டிருப்பார், எதுக்கு இந்தப் பதில்னு நாமளே ஊகிச்சுக்கிட்டே போகணும். கி.ரா. பத்திரமா வச்சிருந்ததாலதான் 1970லயே போய்ட்ட மனுஷனோட குரல் இன்னைக்கும் நமக்குக் கிடைக்குது, அது பெரிய கொடுப்பினை, இல்லேங்கல. புதுமைப்பித்தன் விஷயம்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. சினிமா வேலையா புனே போய் உடம்புக்கு முடியாம கிடந்தவர் மனைவி கமலாவுக்கு எழுதினதெல்லாம் புஸ்தகமா இருக்கு, கமலா அவருக்கு எழுதினது அதுல இல்ல. அந்தம்மாவும் சிறுகதை எழுதினவங்கடா!

கணையாழி பத்திரிகையை 1965ல இந்த டெல்லியிலதான் ஆரம்பிச்சாங்க. தி. ஜானகிராமன், இந்திரா பார்த்தசாரதி, ஆதவன்னு எல்லாரும் இருந்த ஊரு. நான் வேலை கிடைச்சு வந்து சேர்ந்தப்போ அந்த செட்டெல்லாம் கலைஞ்சாச்சு. ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்க லைப்ரரியில புஸ்தகம் எடுக்கலாம், ஆனா என் நாவல்ல எழுதி முடிச்ச அத்தியாயத்தைக் காட்ட எனக்கு இங்க ஆளில்ல, நீதான் இருந்த, ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல அம்மா வந்து இறங்குற அத்தியாயத்துக்கு நீ ஒன்பது பக்கம் எழுதின, அந்த அம்மா ஸ்டேஷன்ல நின்னு ஊரைப் பத்தி தத்துவம் பேச மாட்டா, பேரன் சாப்பிட்டானான்னுதான் முதல்ல கேப்பான்னு. இப்ப புஸ்தகத்துல எல்லாரும் சொல்ற இடம் அதுதான். என் கடிதத்தை மட்டும் போட்டா, நான் உனக்குப் பாடம் எடுத்தேன்னுதான் படிக்கிறவங்க நினைப்பாங்க, அது பொய். அந்தப் பொய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

சட்டமும் உன் பக்கம்தான். கடிதத்தாள் என் பீரோவுல இருந்தாலும் 1957 காப்புரிமைச் சட்டப்படி அதுல எழுதியிருக்கிறது உனக்குத்தான் சொந்தம், எழுதினவர் காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம் அப்படித்தான், அதனால நீ சரின்னு சொல்லாம ஒரு வரிகூட அச்சுக்குப் போகாது. உங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ எழுதினதெல்லாம் வேணாம்னா எடுத்துடலாம், அதை நான் கேள்வியே கேக்க மாட்டேன். ஆனா நாம சண்டை போட்டதை வெட்டக் கூடாது, முக்கியமா என் ரெண்டாவது நாவலை நீ கிழிகிழின்னு கிழிச்சு எழுதினது, அதுக்கு நான் கோவமா எழுதினது, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரணும்.

நீ எழுதினதை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புறேன், படிச்சுட்டுச் சொல்லு. ரெஜிஸ்டர் போஸ்ட்டைத்தான் 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்துட்டாங்களே, அதனால ஸ்பீட் போஸ்ட்லயே வரும். கவர்களையும் ஜெராக்ஸ் போட்டிருக்கேன், நீ எதுலயும் தேதி போடல, முத்திரையை வச்சுத்தான் வரிசைப்படுத்தணும். என்னோடதையும் கவரோட எடுத்து வை, எதுவும் விட்டுப்போகாம.

அக்கா
மயூர் விஹார், டெல்லி