ஏரோகிராம்ல எழுதாம விட்டது

அன்புள்ள மாப்ளே,

உன் வாய்ஸ் மெசேஜ மூணு தடவ போட்டு கேட்டேன். உன் குரல்ல அந்த பழைய கரகரப்பு அப்படியே இருக்குடா. இங்க எல்லாம் சுகம், என் வீட்டுக்காரிக்கு முட்டி ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சு இப்ப வீட்டுக்குள்ள குச்சி இல்லாம நடக்கறா, மருமக வாரம் ரெண்டு தடவ வந்து சமைச்சு வச்சுட்டு போறா. எனக்கு சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கு, வேற ஒண்ணும் இல்ல.

உன் பேரன் அந்த உட்ஸ்டாக் பாட்டுத் திருவிழா படம் பாத்துட்டு "தாத்தா, உங்க ஃப்ரெண்டு நெசமாவே போனாரா"ன்னு கேட்டானாம்ல. போனேன்னு சொல்லு. 1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. அப்ப உனக்கு ஒரு ஏரோகிராம் போட்டிருந்தேன், நெனப்பு இருக்கா? அதுல சாமியாரையும் சிதாரையும் மட்டும்தான் எழுதினேன். உங்கப்பா திண்ணைல உக்காந்து என் லெட்டர ஊருக்கே சத்தமா படிச்சு காட்டுவாருன்னு எனக்கு தெரியும், அங்கிருந்து அது எங்க வீட்டுக்கும் போகும், அதனால மீதிய எழுதல. அந்த மீதிய இப்ப எழுதணும்னு தோணுது, ஏன்னு கடைசில சொல்றேன்.

அப்ப நான் நியூயார்க் வந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்துச்சு. கைல 8 டாலரோட வந்து எறங்கினவன். மூணு நாளைக்கு டிக்கெட் 18 டாலர், அன்னிக்கு ஒரு டாலர் ஏழரை ரூபாய், கணக்கு போட்டா 135 ரூபாய்! எங்கப்பா தோட்டத்துல ஆளுகளுக்கு குடுத்த கூலிய நெனச்சு நான் வேண்டாம்னுதான் சொன்னேன். என் ரூம்மேட் கேக்கல, அவனே ரெண்டு டிக்கெட்டும் வாங்கிட்டான். பென்சில்வேனியா பையன், அந்த ஜூன்லதான் டிகிரி முடிச்சிருந்தான். கடைசில அந்த டிக்கெட்ட யாருமே கேக்கல. வேலி போட்டே முடிக்கல, கேட்டும் இல்ல, கூட்டம் பாட்டுக்கு உள்ள போயிருச்சு, அப்புறம் வேற வழியில்லாம எல்லாருக்கும் ஃப்ரீன்னு மேடைலயே சொல்லிட்டாங்க. என் டிக்கெட் கிழியாம இன்னும் மேசை டிராயர்ல இருக்கு.

பேருதான் உட்ஸ்டாக், நடந்தது அந்த ஊர்ல இல்ல, அங்கிருந்து 40 மைலுக்கு மேல தள்ளி பெத்தல்னு ஒரு ஊர்ல. மொதல்ல வால்கில்ங்கற ஊர்ல நடத்தறதா இருந்து, அங்க இருந்தவங்க ஜூலைல முடியாதுன்னு சட்டமே போட்டுட்டாங்க, கையில ஒரு மாசம்தான் மிச்சம். அப்ப எடம் குடுத்தவரு மேக்ஸ் யாஸ்கர், பால் பண்ணைக்காரரு, 600 ஏக்கர். அதனாலதான் எதுவுமே தயாராகல, மேடைய கட்டறதா வேலிய போடறதான்னு பாத்து மேடைய கட்டினாங்க.

காலைல பீட்டில் கார்ல கெளம்பினோம், மான்டிசெல்லோ தாண்டி 17B ரோட்டுல மத்தியானம் வண்டி நின்னது நின்னதுதான். சித்த நேரம் பாத்துட்டு ஒவ்வொருத்தரா ரோட்டோரத்துல காரை விட்டுட்டு நடக்க ஆரம்பிச்சாங்க, நாங்களும் அப்படியே விட்டுட்டு நடந்தோம், ஆறேழு மைல் இருக்கும். பழனிக்கு பாதயாத்திரை போவோம்ல, அச்சு அசல் அதே மாதிரி, தோள்ல பை, தலைல போர்வை, தெரியாதவங்க தண்ணி குடுக்கறது, முன்னாடி போறவன் கிட்டார தட்டிட்டே போறது. காவடிதான் இல்ல.

பொழுதோட மேட்டுல ஏறி மறுபக்கம் எறங்கறோம், கீழ மேடை இன்னும் சரியா கண்ணுக்கே தெரியல, ஸ்பீக்கர்ல ஒரு குரல் வருது. இங்கிலீஷ்தான், ஆனா நம்ம ஊரு இங்கிலீஷ். நான் அப்படியே நின்னுட்டேன். கீழ தூரத்துல காவி நெறத்துல ஒரு புள்ளி, அதுதான் சச்சிதானந்த சாமி, செட்டிபாளையத்துக்காரரு, உங்கம்மா ஊர்லருந்து கூப்பிடு தூரம்! அவருதான் தொடங்கி வச்சாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ரிச்சி ஹேவன்ஸ் அவருக்கு முன்னாடியே பாடிட்டாரு, அவரு எறங்கின பின்னாடிதான் சாமி பேசினாரு. வண்டி போக வழியில்லாம அவர ஹெலிகாப்டர்ல கொண்டு வந்தாங்க. அமெரிக்கா பொருளால உலகத்துக்கு உதவுது, இனி ஆன்மிகத்தாலயும் உதவணும், இந்த புள்ளைக என்ன செய்யப்போறாங்கன்னு உலகமே பாக்குதுங்கற மாதிரி பேசினாரு. அப்புறம் எல்லாரையும் ஹரி ஓம் சொல்ல வச்சாரு. லட்சக்கணக்குல வெள்ளக்கார புள்ளைக நம்ம பக்கத்து ஊர்க்காரரு சொல்ல சொல்ல திருப்பி சொல்றாங்க, எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்து கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒரு வருசமா அடக்கி வச்சிருந்த ஊர் நெனப்பு எல்லாம் அன்னிக்கு வெளிய வந்துச்சு.

ராத்திரி பத்து மணி வாக்குல ரவிசங்கர், தபலாவுக்கு அல்லா ரக்கா. வாசிக்க ஆரம்பிச்சதும் மழை புடிச்சுது, நிக்கல. சேத்துல கெடந்த கூட்டத்த பாத்து நம்ம ஊரு எருமைக ஞாபகம்தான் வந்துச்சுன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்காரு. மனசு கஷ்டத்துலதான் சொன்னாரு, அவரு வாசிப்ப பாதி பேரு போதைல கேட்டாங்கங்கறது அவருக்கு கடைசி வரைக்கும் வலி. ஆனா நான் இருந்த எடத்துல ஒருத்தன்கூட எந்திரிக்கல மாப்ளே, நனைஞ்சுட்டே கேட்டாங்க.

அதுக்கப்புறம் நடுராத்திரி தாண்டி ஜோன் பயஸ் வந்தாங்க. ஆறு மாச கர்ப்பம். பட்டாளத்துக்கு போக மாட்டேன்னு சொன்னதுக்காக புருசன் ஜெயில்ல இருக்காருன்னு கூட்டத்துக்கிட்ட சொல்லிட்டு பாடினாங்க. என் ரூம்மேட் என் பக்கம் திரும்பவே இல்ல. அப்ப எனக்கு ஒண்ணும் புரியல.

சனிக்கிழமை காலைல பசின்னா அப்படி ஒரு பசி. விக்கற கடைல ஒண்ணும் மிச்சமில்ல. ஹாக் ஃபார்ம்னு ஒரு கூட்டம் பெரிய பெரிய பாத்திரத்துல சமைச்சு எல்லாருக்கும் சும்மாவே போட்டாங்க. கோதுமை ரவை மாதிரி பல்கர், அதுல காய்கறி போட்டு வேகவச்சு பேப்பர் கப்புல. நான் கறி தொடாதவன்னு உனக்கு தெரியும்ல, என்ன கெடைக்குமோன்னு நடுங்கிட்டு போயி நின்னேன், பாத்தா நம்ம அன்னதானம் மாதிரி சுத்த சைவம். என் பைல அம்மா குடுத்து விட்ட எலுமிச்சங்கா ஊறுகாய், ஹார்லிக்ஸ் பாட்டில்ல அடில ரெண்டு துண்டும் கொஞ்சம் மசாலா தண்ணியும் மிச்சம் இருந்துச்சு. அத கப்புல ஊத்தி கையால பெசஞ்சேன். பக்கத்துல நெத்தில பூ வரஞ்சிருந்த ஒரு பொண்ணு உத்து பாத்துட்டே இருந்துச்சு, ஒரு விரல்ல தொட்டு குடுத்தேன், கண்ணுல தண்ணி கொட்டுது, இன்னும் வேணும்னு கப்ப நீட்டுது! ரூம்மேட், அந்த பொண்ணு, அதோட வந்த ரெண்டு பசங்க, நான், அஞ்சு பேரும் அந்த பாட்டில வழிச்சு தின்னோம். அதுக்கப்புறம் எத்தனையோ கல்யாணத்துல சாப்பிட்டிருக்கேன், அந்த ருசி வரல.

பக்கத்து ஊர்க்காரங்களும் சாண்ட்விச் செஞ்சு அனுப்பினாங்க. யாரோ சிலர் தண்ணிய காசுக்கு விக்கறாங்கன்னு கேள்விப்பட்டு யாஸ்கர் தண்ணி இலவசம்னு போர்டே வச்சாரு. ஞாயித்துக்கிழமை அவரே மேடையேறி "நான் ஒரு விவசாயி, இருபது பேருக்கு முன்னாடியே பேசத் தெரியாது, இவ்வளவு கூட்டத்துக்கு எங்க பேசறது"ன்னு ஆரம்பிச்சாரு. எங்கப்பன் குரல் மாதிரியே இருந்துச்சுடா. அவரு மாட்டுத் தீவனத்துக்கு குதிரை மசால் போட்டு வச்சிருந்த மேட்ட நாங்க மூணு நாள்ல மிதிச்சு சேறாக்கிட்டோம், ஒரு வார்த்த திட்டல. நாலே வருசத்துல, 53 வயசுல போய்ச்சேந்துட்டாரு.

எல்லாமே சொர்க்கம்னு உன் பேரன்கிட்ட சொல்லிராத. கக்கூசுக்கு ஒரு மணி நேரம் நிக்கணும், போன் பண்ண அதவிட நேரம். தூங்கிட்டிருந்த ஒரு பையன் மேல டிராக்டர் ஏறி செத்தே போயிட்டான், 17 வயசு. கெட்ட மாத்திரை சுத்துது சாப்பிடாதீங்கன்னு மைக்குல சொல்லிட்டே இருந்தாங்க. நீ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்றேன், நானும் ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன், இருமல் வந்துச்சு, அதோட விட்டுட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம்தான் கன்ட்ரி ஜோ வியட்நாம் பாட்டு பாடினாரு. எதுக்காக சண்ட போடறோம்னு கேக்கற பாட்டு. அந்த மேடு முழுக்க எந்திரிச்சு நின்னு பாடுது. என் ரூம்மேட் மட்டும் எந்திரிக்கல. மசால் தண்டு ஒண்ண சேத்துலருந்து புடுங்கி நகத்தால நீளவாக்குல கிழிச்சுட்டே இருந்தான். நான் பக்கத்துல குனிஞ்சு என்னடான்னேன். பட்டாளத்துல கட்டாயமா சேரச் சொல்லி லெட்டர் வந்துருச்சு, செப்டம்பர்ல ரிப்போர்ட் பண்ணனும்னான். ஜூலைலயே வந்துருக்கு, அவங்கம்மாவுக்குகூட சொல்லல. படிப்பு முடிஞ்சதோட அவனுக்கு இருந்த விலக்கும் முடிஞ்சுது. நான் ஸ்டூடண்ட் விசா, என்னை கூப்பிட மாட்டாங்க. ஒரே ரூம், ஒரே வயசு, அவன் போகணும், நான் போக வேண்டாம். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, பாட்டு முடியற வரைக்கும் அவன் கூடவே உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் சான்டானாங்கற பேண்டு வந்தாங்க, அவங்க ரெக்கார்டே அப்ப வெளிய வரல, ஒருத்தருக்கும் பேரு தெரியாது, இருபது வயசு பையன் ஒருத்தன் டிரம்ஸ்ல பேய் வாசிப்பு வாசிச்சான், அப்பதான் இவன் எந்திரிச்சு ஆடினான். அழுதுட்டே ஆடினான்.

ஞாயித்துக்கிழமை ஜோ காக்கர் பாடி முடிச்சதும் காத்தும் மழையும் வந்துச்சு பாரு, டவர்ல ஏறி இருந்தவங்கள எறங்க சொல்லி கத்தறாங்க, மூணு மணி நேரம் பாட்டே இல்ல. அதோட நாங்க கெளம்பிட்டோம். என் ஒரு செருப்பு இன்னும் அந்த சேத்துலதான் இருக்கும். கிட்டார்காரரு ஹெண்ட்ரிக்ஸ பாத்தியான்னுதான் எல்லாரும் கேக்கறாங்க, அவரு வந்தது திங்கக்கிழமை காலைல, நாங்க பாக்கல. பாதிக்கு மேல கூட்டம் அதுக்குள்ள போயிருச்சு.

என் ரூம்மேட் வியட்நாம் போனான், உசுரோட திரும்பி வந்தான். எலக்ட்ரீசியனா வேலை பாத்தான். அங்க நடந்தத பத்தி ஒரு வார்த்த பேசினதில்ல, நானும் கேட்டதில்ல. ஆனா வருசா வருசம் ஆகஸ்ட் 15 காலைல போன் அடிக்கும், எடுத்ததும் "ஹேப்பி இண்டிபெண்டன்ஸ் டே, ஊறுகாய் இருக்கா"ன்னு கேப்பான். நடுவுல அவன் வியட்நாம்ல இருந்த வருசங்கள தவிர ஒரு வருசம் தவறினதில்ல. போன மே மாசம் போயிட்டாண்டா. தூக்கத்துலயே. அவன் மகன் போன் பண்ணி சொன்னான். அடக்கத்துக்கு போனேன், மழை தூறிட்டிருந்துச்சு.

இந்த ஆகஸ்ட் 15 காலைல நான் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அடிக்காதுன்னு தெரியும், இருந்தாலும் உக்காந்திருந்தேன். அவ காபி கொண்டு வந்து வச்சுட்டு ஒண்ணும் பேசாம பக்கத்துல உக்காந்தா.

உங்கப்பா லெட்டரெல்லாம் தகரப்பெட்டில போட்டு வைப்பாருல்ல, அந்த பெட்டி இன்னும் அட்டத்துல இருந்தா பேரன விட்டு தேட சொல்லு. 1969 ஆகஸ்ட்டோ செப்டம்பரோ முத்திரை இருக்கும். என் ரூம்மேட்டும் நானும் சேந்து தபால்பெட்டில போட்டது, பின்பக்கம் ஓரத்துல அவனும் இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதினான், என்ன எழுதினான்னு மறந்துபோச்சு. கெடச்சா ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா, அவன் மகனுக்கு குடுக்கணும்.

உன்
பழைய ஹாஸ்டல் மாப்ளே