தனுஷ்கோடிக்குப் படம்பிடிக்க வரும் இயக்குநர்களுக்கு

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கும் உதவி இயக்குநர்களுக்கும் வணக்கம்.

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வாழும் மாற்றுத்திறனாளிகளும் அவர்களோடு வேலை செய்பவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. போன மாதம் இங்கே நடந்த ஒரு படப்பிடிப்பில், நன்றாக நடக்கக்கூடிய நடிகரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கதாநாயகி அதைக் கடல்மணலில் தள்ளிக்கொண்டு ஓடுவதாக எடுத்தார்கள். மணலுக்கடியில் பலகை பரப்பி மறைத்திருந்தார்கள்.

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. அதைவிட்டு இறங்கினால் நாற்காலி நகராது. சாதாரண நாற்காலியின் முன்சக்கரம் ஏழெட்டு அங்குல உயரம்தான், அகலமும் குறைவு. ஆள் எடை ஏறியதும் மணலில் புதையும். பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகக் குத்தும். வேகம் கொடுத்தால் உட்கார்ந்திருப்பவர் குப்புற விழுவார். அதனால் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, முன்சக்கரத்தை மணலில் படாமல் தூக்கி, பின்னோக்கி இழுத்துத்தான் கொண்டுபோவார்கள். கடலுக்குப் போகிறவர் போகும் வழியெல்லாம் கரையைப் பார்த்தபடியே போவார். தண்ணீர் அருகே வந்து திருப்பி நிறுத்தினால்தான் கடல் கண்ணில் படும். வீடு திரும்பியதும் சக்கரங்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட வேண்டும்; விடாவிட்டால் உப்பும் மணலும் ஏறி பேரிங் இறுகிவிடும்.

அந்தப் பலகை மறைத்தது இவ்வளவையும்தான். நாற்காலியில் வாழ்கிற ஒருவர் படப்பிடிப்பில் இருந்திருந்தால், முதல் ஷாட்டுக்கு முன்பே சொல்லியிருப்பார்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மாற்றுத்திறனாளிப் பாத்திரத்தை எழுதும்போதே அந்தக் குறைபாட்டோடு வாழ்கிறவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். நடிக்கவும் அவர்களையே கூப்பிடுங்கள்.

கூப்பிடாததால் வரும் பிழைகள் திரையில் அப்படியே தெரிகின்றன. ஊன்றுகட்டையில் நடிகர் அக்குளால் தொங்குகிறார். உண்மையில் எடை கைகளில் இருக்க வேண்டும், அக்குளுக்கும் கட்டைக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். முட்டிப் பூட்டு வைத்த காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டகம்) போட்டவர் உட்காரும்போது கையால் பூட்டை எடுத்துவிட்டுத்தான் காலை மடக்குவார். நடிகர் அதைத் தொடுவதே இல்லை. சைகை மொழியில் பேசும்போது கேமரா முகத்துக்குப் போய்விடுகிறது, கைகள் திரைச்சட்டத்துக்கு வெளியே போக, பேச்சே அறுந்துவிடுகிறது. காது கேளாதவர் என்றாலே வாய் பேசாதவராகக் காட்டுகிறீர்கள். சங்கு குளிக்கப் போய்ச் செவிப்பறை கிழிந்து காது மந்தமானவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்கள் நன்றாகவே பேசுவார்கள், எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டு.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "இவனை ஏர்வாடிக்கு அனுப்பு" என்ற வசனத்துக்குத் தியேட்டரில் சிரிப்பு வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. அந்த ஊர்ப்பெயரை வைத்துச் சிரிக்கவைப்பதை நிறுத்துங்கள்.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களைப் பற்றிய முடிவுகளில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில், திரைப்படச் சித்திரிப்பு குறித்த வழக்கிலேயே வலியுறுத்தியிருக்கிறது. அதைத்தான் பணிவோடு கேட்கிறோம்.

அழைத்தால் செய்ய வேண்டியவை அதிகமில்லை. நடிகர் தேர்வைத் தரைத்தளத்தில் வையுங்கள். கேரவனுக்குச் சாய்தளமும், நாற்காலி நுழையும் கழிப்பறையும் வேண்டும். தண்டுவடம் அடிபட்டவர் அரைமணி நேரத்துக்கு ஒருமுறையாவது இருக்கையிலிருந்து உடலைத் தூக்கி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் புண் வரும். அதற்கேற்ப ஷாட்டுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்டுவடத்தின் மேல்பகுதியில் அடிபட்டவருக்கு உடல் சரியாக வியர்க்காது. உச்சி வெயிலில் மணலில் உட்காரவைக்காதீர்கள்.

அடுத்த கதைக்கு இடம் பார்க்க வரும்போது, கேமரா கோணம் பார்க்கும் முன் எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். தயவுசெய்து, கதை எழுதி முடிப்பதற்குள் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரை மாற்றுத்திறனாளிகள்