மணியைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு

அன்பு மகளுக்கு,

தொலைபேசியில் நம் நாய் மணியின் பேச்சை எடுத்தாலே நீ வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய் என்பதால் எழுதுகிறேன். பரிசோதனை முடிவை அனுப்பியபோது, "முன்பே ஏன் பார்க்கவில்லை?" என்று ஒரு வரி அனுப்பினாய். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சிறுநீரகம் கெடுவதை நாய் எளிதில் காட்டிக்கொடுப்பதில்லை, அம்மா. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் கூடியிருப்பது தெரியவரும்போது சிறுநீரகங்களின் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போய்விட்டிருக்கும். தண்ணீர் கூடுதலாகக் குடித்தான், இரவில் வெளியே போக எழுப்பினான். முதுமை என்று நினைக்கும் அளவுக்குத்தான் அதுவும் இருந்தது. வாந்தியும் வாய் நாற்றமும் தொடங்கியதும் கொண்டுபோய்க் காட்டினோம். நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படும் இந்த நோயில், கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் அது கடைசி நிலை. மணி தாண்டிவிட்டான்.

ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உன் அம்மாதான் இப்போது அவன் தோள்களுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து, தோலுக்கடியில் திரவம் ஏற்றுகிறாள். ஏற்றியதும் முதுகில் ஒரு மேடு எழும்பி, மெல்ல முன்காலை நோக்கி இறங்கி, சில மணி நேரத்தில் வற்றிவிடும். உடலில் நீர் குறையாமல் அது காக்கும், குமட்டலைச் சற்றுத் தணிக்கும். போன சிறுநீரகத்தைத் திருப்பித் தராது.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வகுத்த மதிப்பெண் முறை ஒன்றை எங்கள் மருத்துவர் கொடுத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் கூடுதலா என்ற ஏழுக்கும் தனித்தனியே பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம். அவன் ஒருமுறை வாலை அசைத்தால் உன் அம்மா மகிழ்ச்சிக்கு எட்டு போடுகிறாள், நான் மூன்று போடுகிறேன். அவள் கணக்கில் அவன் தேறுகிறான், என் கணக்கில் தேறவில்லை. இந்த வீட்டில் இப்போது வேறு சண்டையே கிடையாது. நீ இருந்திருந்தால் சரியான எண்ணைப் போட்டிருப்பாய். உணர்ச்சிவசப்படாமல் பார்க்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நாம் முன்பு வளர்த்த நாய் ராஜாவின் கடைசி நாளில் அவன் தலையை மடியில் ஏந்தியிருந்தவளும் நீதான், அந்த வயதில் எனக்கு அந்தத் துணிவு வந்திருக்காது. ஆனால் அதன் பிறகு நீ அவன் பெயரையே சொல்லவில்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

கருணைக்கொலை என்ற சொல்லை நான் வீட்டில் சொல்வதில்லை, இங்கே எழுதத்தான் வேண்டியிருக்கிறது. முதலில் மயக்க ஊசி போடுவார்கள். அவன் உறங்கிய பிறகே பென்டோபார்பிட்டால் என்ற, உயிரை அடக்கும் மருந்தைச் செலுத்துவார்கள், சில நிமிடங்களுக்குள் இதயம் நின்றுவிடும். கண்கள் மூடாமலே இருக்கலாம். நின்ற பிறகும் ஒரு மூச்சு இழுப்பதுபோலத் தோன்றலாம், தசை துடிக்கலாம். அவை வலியின் அடையாளம் அல்ல. ராஜாவிடம் நீ கண்டு பயந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. நம் இன்னொரு நாயான சின்னவளையும் மணியை மோந்து பார்க்க விடுவோம், தேடி அலைவது அதனால் குறையும் என்று சொல்கிறார்கள். குறையுமோ குறையாதோ, அவளுக்கும் தெரிய வேண்டுமல்லவா?

நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே யாரிடமாவது இதைச் சொல். "நாய்க்காகவா இவ்வளவு?" என்று கேட்பவர்களிடம் சொல்லாதே, வேறு யாரிடமாவது சொல். தனியாக வைத்துக்கொள்ளாதே, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நாளைக் குறிக்கும் முன் உன் பதில் எனக்கு வேண்டும். வருகிறாயா, அந்த நேரத்தில் தொலைபேசியிலாவது இருக்கிறாயா, இரண்டும் வேண்டாமா? வேண்டாம் என்றாலும் எழுது, அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். இன்னொன்று: மணி முனகினால் நமக்கு வாங்கிய வலி மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று தம்பி கேட்கிறான். ஐபுபுரூஃபன் போன்றவை நாயின் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும் என்று நான் சொல்லியும் நம்பவில்லை. நீ சொன்னால்தான் கேட்பான், இன்றே அவனை அழைத்துச் சொல்லிவிடு.

உன் அப்பா