அந்தத் தட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் உலகின் சிறந்த உணவகங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பெருவின் தலைநகர் லிமாவில் உள்ள 'சென்ட்ரல்' 2023-லும் 'மைதோ' 2025-லும் முதலிடம் பிடித்ததைச் சொல்லியிருந்தீர்கள். நல்ல செய்திதான். ஆனால் மைதோவின் சமையலை 'ஜப்பானும் பெருவும் கலந்த புதுமை' என்று ஒரே வரியில் கட்டுரையாளர் முடித்துவிட்டார். அந்தக் கலப்பு எப்படி வந்தது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அது மனதை உறுத்தியதால்தான் இந்தக் கடிதம்.

நான் சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். லிமாவை ஒட்டிய கயாவோ துறைமுகத்தில் ஒரு பம்புக்கு உதிரிபாகம் வரவேண்டி எங்கள் கப்பல் ஆறு நாள் நின்றது. ஐந்தாம் நாள் மாலை, கூட வேலை செய்யும் தூத்துக்குடித் தம்பியை அழைத்துக்கொண்டு லிமாவின் மிராஃப்ளோரெஸ் பகுதிக்குப் போனேன். அங்கே ஒரு சிறிய நிக்கெய் உணவகம். வெளிநாடுகளில் வேர்விட்ட ஜப்பானிய வம்சாவளியினரை நிக்கெய் என்பார்கள், அவர்கள் சமையலுக்கும் அதே பெயர். டேஸ்டிங் மெனு மட்டும்தான், அதாவது அவர்களே தேர்ந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் சிறு தட்டுகள். 11 தட்டு, ஆளுக்கு 380 சோல். நம் பணத்தில் 9,000 ரூபாய் வரும். யோசித்துத்தான் உள்ளே போனோம்.

முதலில் வந்தது திராதித்தோ. பச்சை மீனை, ஜப்பானியர் சஷிமி என்று பச்சையாகச் சாப்பிடும் மீன் துண்டுகளைப்போல, மெல்லிசாகச் சீவி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பரிமாறிய இளைஞர் சிறு குவளையிலிருந்து மஞ்சள் சாற்றை அதன்மேல் ஊற்றினார். எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, ஆஹி அமரியோ என்ற அந்த ஊர் மிளகாய். ஊற்றியதும் மீனின் ஓரங்கள் கண்ணாடி நிறத்திலிருந்து பால் நிறத்துக்கு மாறத் தொடங்கின. "உடனே சாப்பிடுங்கள்" என்றார். "பச்சையாவா அண்ணே?" என்று தயங்கிய தம்பி, ஒரு துண்டு வாயில் வைத்தபிறகு பேசவே இல்லை. கடைசியில் கரண்டியால் அந்தச் சாற்றையும் வழித்துக் குடித்தான். மீன் தின்றே வளர்ந்தவன் அவன். அவன் தீர்ப்பை நான் மதிக்கிறேன். முன்பெல்லாம் பெருவில் செவிச்சே என்ற புளிப்பு மீன் உணவுக்கு மீனை மணிக்கணக்கில் புளிப்பில் ஊறவைப்பார்களாம். மீனின் பச்சைச் சுவையைக் காப்பாற்றி, பரிமாறும் நேரத்தில் சாறு சேர்க்கும் வழக்கம் ஜப்பானியக் கைகளால் பரவியது.

இடையில் வந்த சில தட்டுகள் சுமார்தான், அவற்றை விட்டுவிடுகிறேன். ஆறாவது தட்டைச் சொல்ல வேண்டும். வட்டமாக நறுக்கிய ஆக்டோபஸ், மேலே கத்தரிப்பூ நிறத்தில் கெட்டியான சாஸ். கறுப்பு ஆலிவ் காயை அரைத்து மயோனைஸில் கலந்தால் அந்த நிறம் வருகிறது. உப்பும் லேசான கசப்புமாக நாக்கில் நின்றது. இதன் பெயர் புல்போ அல் ஒலீவோ. இதைப் பெருவுக்குக் கொடுத்தவர் ரோசிதா யிமுரா என்ற ஜப்பானிய வம்சாவளிப் பெண். எங்கள் கப்பல் நின்ற அதே கயாவோவில் சமைத்தவர்.

அந்த அம்மாவின் பெயர் மேசையில் இருந்த அட்டையில் இல்லை. உருளைக்கிழங்கு எத்தனை மீட்டர் உயரத்தில் விளைந்தது என்றுகூட அச்சடித்திருந்தார்கள். பெயரைச் சொன்னது பரிமாறிய இளைஞர்தான், அதுவும் நான் கேட்டதால். அவருடைய பாட்டனாருக்குத் தகப்பனார் ஜப்பானிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம்.

1899 ஏப்ரல் 3 அன்று சகுரா மாரு என்ற கப்பல் 790 ஜப்பானியத் தொழிலாளர்களைக் கயாவோவுக்குக் கொண்டுவந்தது. நான்கு வருட ஒப்பந்தம், கரும்புத் தோட்ட வேலை. காய்ச்சலில் பலர் செத்தார்கள். தாக்குப்பிடித்தவர்கள் ஊருக்குள் வந்து சிறு கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் போட்டார்கள். 1940-ல் லிமாவில் அவர்கள் கடைகள் சூறையாடப்பட்டன. உலகப் போரின்போது ஏறக்குறைய 1,800 பேரைப் பிடித்து அமெரிக்க முகாம்களுக்கு அனுப்பினார்கள். இவர்களுக்கு முன்பே, 1849-லிருந்து 1874-க்குள், ஒரு லட்சம் அளவுக்குச் சீனர்கள் தோட்டங்களுக்கும், உரத்துக்காகப் பறவை எச்சம் வெட்டும் தீவுகளுக்கும் கொண்டுவரப்பட்டார்கள். இன்று பெருவில் சீன உணவகத்துக்கு 'சீஃபா' என்று பெயர், 'சோறு தின்பது' என்ற சீனச் சொல்லிலிருந்து வந்தது. இஞ்சிக்கும் ஸ்பானியச் சொல்லை விட்டுவிட்டு 'கியோன்' என்கிறார்கள். கூலிகளாக வந்தவர்களின் சொல் நாடு முழுவதும் அடுப்படியில் நிலைத்துவிட்டது.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். என் தாத்தா இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தின்படி கூடலூருக்கு வந்து சேர்ந்தவர். தேங்காய் ரொட்டியும் சம்பலும் அவரோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்தன. அந்த ரொட்டியை நாளைக்கு யாராவது அழகான தட்டில் வைத்து விற்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்பில் அதைச் சுட்டவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதவேண்டும் என்று கேட்பேன். லிமாவின் அந்த உணவகத்திடமும் கிளம்பும்போது இதையே கேட்டேன். அட்டை மாற்றும்போது பார்க்கிறோம் என்றார்கள்.

உங்களிடமும் அதையேதான் கேட்கிறேன். ஞாயிறு மலரில் இன்னொரு பக்கம் ஒதுக்குங்கள். தரவரிசையும் விலையும் ஏற்கெனவே வந்துவிட்டன. அடுத்த கட்டுரையை ரோசிதா யிமுராவிடமிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கப்பல் பொறியாளர் ஒருவர்,
கூடலூர், நீலகிரி.